சிலுவைக்குக் கீழே எழுதிய பெயர்

ஸ்தாரா லிபா
மார்ச் 2

அன்பு இஸ்க்ராவுக்கு,

மூட்டுவலியும் மனிதர்கள் மேல் எரிச்சலும் நீங்கலாக நான் நலம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த டோன்யா பிலார் அம்மாளும் நலமா? மார்ச் முதல் தேதி கையில் கட்ட நீ அனுப்பிய மார்த்தெனித்சா நூல் சரியாக நேற்றுக் காலையில் வந்து சேர்ந்தது. உன் அண்ணி ஸ்லாவ்காவின் இடது மணிக்கட்டில் நானே கட்டிவிட்டேன். "ஸ்பெயின்ல உக்காந்து சிவப்பு வெள்ளை நூல் முறுக்குது பாரு, உன் தங்கச்சிக்கு வேற வேலை இல்லையா"ன்னு அவள் கேட்கிறாள். கேட்டுவிட்டு அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதலாம் என்று நீ சொன்னது நல்லதுதான். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். நம் ஊருக்கும் ஸ்பெயினுக்கும் போய்வரும் வேன்காரன் கொண்டுவரும் காகிதத்தில் இரண்டுமே கேட்காது.

இணையத்தில் இருக்கும் நம் ஊர்ப் பக்கத்துக்கு ஒரு கேடு வந்திருக்கிறது. அந்த வலைப்பதிவுக் கம்பெனிக்காரர்கள் புதிதாக ஒரு எடிட்டர் கொண்டுவந்திருக்கிறார்கள். இதுவரை எப்படி இருந்தது? ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் எழுத்து, கீழே வெளியிடு என்று ஒரு பொத்தான். உன் அண்ணி இத்தனை வருடமாக ஊர்ச் சாவுகளை எல்லாம் அதில்தான் எழுதினாள். நான் வீதியில் அலைந்து, கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டியிருக்கும் மரண அறிவிப்புத் தாள்களைப் படம் பிடித்து வருவேன். அவள் அதைப் பார்த்து எழுதுவாள். மிலானிலும் சிகாகோவிலும் இருக்கிறவர்கள் படிப்பார்கள். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகும் இடது கையாலேயே எழுதினாள். வெள்ளைப் பெட்டி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது, அவசரப்படுத்தவில்லை.

இப்போது ஒவ்வொரு பத்தியும் தனித்தனிக் கட்டமாம். விரல் கொஞ்சம் வழுக்கினால் கட்டம் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் கூட்டல் குறி முளைக்கிறது, புள்ளிகள் முளைக்கின்றன. எழுதுகிற இடமா இது, செங்கல் அடுக்குகிற இடமா? நல்லவேளையாக மூலையில் "பழைய எடிட்டர்" என்று சின்னதாக ஒரு சுட்டி வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் வெள்ளைப் பெட்டி வருகிறது. நாங்கள் அதிலேயேதான் இருப்போம், யார் வந்து கூப்பிட்டாலும் நகரமாட்டோம்.

குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அண்ணன்
வெலிச்கோ


சரகோசா
மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது, அதனால் நலம் என்றே வைத்துக்கொள். டோன்யா பிலார் என்னைத் தன் செத்துப்போன தங்கை என்று நினைத்துக்கொண்டு காலையில் திட்டுகிறாள், மத்தியானம் மன்னிக்கிறாள். அண்ணியும் நீயும் சாப்பிடுகிறீர்களா? பட்டாணி சூப்பையே வாரம் முழுக்க வைக்காதே.

உன் எடிட்டர் புலம்பலைப் படித்து வேன் நிறுத்தத்திலேயே சிரித்துவிட்டேன். காலம் முழுக்க மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவன், உதைக்கிற எருமையைக் கூடப் பிடித்துக் கட்டியவன், ஒரு கட்டத்துக்குப் பயப்படுகிறாயே! என் சிநேகிதி பென்காவின் மகள் சமையல் குறிப்பு எழுதுகிறாள், அதே எடிட்டரில்தான். நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள். பழகினால் பழகிவிடும் அண்ணா. உலகம் உனக்காக நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஆற்றங்கரைப் பூங்காவில் கூடுவோம். யாராவது ஒருத்தி போனை எடுத்து நம் பக்கத்தைப் படிப்பாள். போன வாரம் படித்தது பென்காவின் சித்தப்பா, ரொட்டிக்கடை ததரின் அறிவிப்பு. அண்ணி கடைசியில் அவருக்கென்று ஒரு வரி போட்டிருந்தாளே, "ரொட்டியில் எடை குறைத்திருக்கிறார், கடனுக்கு வந்தவரை ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை" என்று. படித்ததும் எல்லோரும் சிரித்தோம், அப்புறம் பென்கா அழ ஆரம்பித்தாள், அப்புறம் எல்லோரும். தாளில் இருப்பதை அப்படியே எழுத யாரால் வேண்டுமானாலும் முடியும். அந்த ஒரு வரிக்குத்தான் நாங்கள் படிக்கிறோம் என்று அண்ணியிடம் சொல்.

அண்ணி எப்படி இருக்கிறாள்? டாக்டர் என்ன சொன்னார்? இதற்கு மட்டும் தனியாகப் பதில் எழுது.

உன்னைத் திட்ட உரிமை உள்ள ஒரே ஆள்,
இஸ்க்ரா


ஸ்தாரா லிபா
ஏப்ரல் 27

அன்பு இஸ்க்ரா,

எல்லோரும் நலம். ஈஸ்டர் கழிந்தது. முட்டைக்குச் சாயம் நானே போட்டேன், சிவப்பு வரவில்லை, ஒரு மாதிரி செங்கல் நிறம் வந்தது. மழை நிறைய.

அந்தக் கம்பெனிக்காரன் என்ன செய்தான் தெரியுமா? பழைய எடிட்டர் சுட்டியை மூலையிலிருந்து எடுத்து, அமைப்புகளுக்குள்ளே கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டான். தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. அதற்குள் அவசரத்துக்குப் புதிய எடிட்டரில் ஒரு அறிவிப்பைப் போடப் பார்த்தேன். தபால்கார ஸ்பாஸ் போய்விட்டார். மவுஸ் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான், மருமகன்கள் எல்லோரும் இறந்தவர் பெயருக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைக் கீழே இறக்கினால் ஸ்பாஸின் வயது காணாமல் போகிறது.

கம்பெனிக்கு எழுதினேன். "ஐயா, என் மனைவிக்கு ஒரு கைதான் வேலை செய்கிறது. அந்தக் கைக்கு உங்கள் பழைய பெட்டி போதும். அதை விட்டுவையுங்கள், உங்களுக்கு அதனால் என்ன நஷ்டம்?" என்று மரியாதையாகவே எழுதினேன். பதில் உடனே வந்தது. கருத்துக்கு நன்றியாம், புதிய அனுபவத்தை நாங்கள் விரும்புவோமாம், கடைசியில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. நான் வைத்தியம் பார்த்த கழுதைகள் இதைவிட நல்ல பதில் சொல்லியிருக்கின்றன.

இப்போது நோட்பேடில் அடித்துவைத்துக்கொண்டு, பழைய பெட்டியில் கொண்டுவந்து ஒட்டுகிறேன். நோட்பேடைப் போல ஒரு யோக்கியன் உலகத்தில் கிடையாது. நாம் கொடுத்ததை வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் ஒன்றும் பேசாது.

உன் அண்ணன்
வெலிச்கோ


சரகோசா
மே 7

அண்ணா,

நான் நலம். இந்தத் தடவை நலம் விசாரிப்பதை எல்லாம் விட்டுவிட்டு நேராகக் கேட்கிறேன்.

மார்ச்சில் அண்ணியைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னேன். நீ முட்டைச் சாயத்தைப் பற்றி எழுதுகிறாய். "அடித்துவைக்கிறேன்", "ஒட்டுகிறேன்" என்று எழுதுகிறாய். நீ ஏன் அடிக்கிறாய்? அடிப்பது அண்ணி அல்லவா?

பக்கத்தையும் பார்த்தேன். ஸ்பாஸின் அறிவிப்பில் பெயர், வயது, பிள்ளைகள், அடக்கம் எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. நம் ஊருக்கே கடிதம் கொடுத்த மனுஷன், ஓய்வுபெற்ற பிறகும் அடுத்தவர் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டு போவாரே, அவருக்கு ஒரு வரி இல்லை. அதற்குப் பிறகு வந்ததிலும் இல்லை. பூங்காவில் பென்கா கேட்டாள்: "என்னடி, உங்க அண்ணிக்கு என்ன ஆச்சு? ஊர்க்காரங்க மேல கோபமா?" நான் கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிவைத்தேன்.

கம்ப்யூட்டர் கோளாறுதானா அண்ணா? நேற்று புனித கியோர்கி நாள், ஊரே ஆட்டுக்கறி சமைக்கிற நாள், நீ அதுகூடச் செய்திருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். எதையும் மறைக்காமல் எழுது.

இஸ்க்ரா


ஸ்தாரா லிபா
ஜூன் 14

அன்பு இஸ்க்ராவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் எழுத்து வராததுதான். நான் நலம். அவள் நலமில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அவளுக்குப் பக்கவாதம் இரண்டாவது தடவையாக வந்தது. பேச்சு போய்விட்டது. லோம் நகர ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், அப்புறம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், நீ செய்வதே அந்த வேலைதான். எனக்கும் தெரியும். பசுவாக இருந்தால் அதன் சொந்தக்காரனிடம் முதல் நாளே சொல்லியிருப்பேன். சொந்தக்காரன் நானாக இருக்கும்போது வாய் வரவில்லை. முட்டைச் சாயம் என்று எழுதினேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பேச்சு போனாலும் அவள் எழுதுகிறாள். அந்த வெள்ளைப் பெட்டியில் மட்டும்! ஒருநாள் சும்மா பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். ஊர்ப் பெயர் மேலே, வெள்ளைப் பெட்டி நடுவில். இடது கையைக் கொண்டுவந்தாள். ரொம்ப நேரம் கழித்து "ஜன்னல்" என்று எழுதினாள். திறந்துவிட்டேன். மறுநாள் "தண்ணீர் வேண்டாம்". அதற்கு மறுநாள் "நீ சாப்பிடு". இஸ்க்ரா, என்னோடு அவள் பேசுவது இப்போது அந்தப் பெட்டி வழியாகத்தான்.

நோட்பேடைத் திறந்து வைத்துப் பார்த்தேன். வெளியிடு பொத்தானைத் தேடினாள். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காகிதமும் பென்சிலும் கொடுத்தேன், தள்ளிவிட்டாள். யாரோ படிக்கப்போகிறார்கள் என்றால்தான் அவளுக்குக் கை எழும்புகிறது போலிருக்கிறது. எழுதி முடித்ததும் பொத்தானைக் கண்ணால் காட்டுவாள். நான் அழுத்துவது போல் பாவனை செய்வேன்.

புதிய எடிட்டரையும் வைத்துப் பார்த்தேன். கட்டங்களைப் பார்த்தாள், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, ஒன்றைத் தொட்டாள், அது ஓடியது. கீபோர்டைத் தள்ளிவிட்டு அழுதாள்.

ஜூலை முதல் தேதியோடு பழைய எடிட்டரை அடியோடு எடுத்துவிடப்போகிறார்களாம். மறுபடி எழுதினேன், மறுபடி சிரிக்கிற மூஞ்சி. அவர்களைக் கொன்றாலும் என் ஆத்திரம் அடங்காது.

நீ வரவேண்டாம். நீ வந்து நின்றால் எதற்காக வந்தாய் என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

வெலிச்கோ


சரகோசா
ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை டோன்யா பிலார் தூங்கும்போது குளியலறையில் உட்கார்ந்து படித்தேன். நீ இவ்வளவு நாள் தனியாகச் சுமந்திருக்கிறாய் என்று நினைக்க எனக்கு உன்மேல் கோபமும் வருகிறது, என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

நீ வேண்டாம் என்றாலும் வந்திருப்பேன். டோன்யா பிலாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆறு நாளாகிறது. அவள் மகள் காலில் விழாத குறையாக, "இஸ்க்ரா, இப்ப மட்டும் போயிடாதீங்க, வேற யார் கையிலயும் அம்மா சாப்பிடமாட்டேங்கறாங்க" என்கிறாள். யாரோ ஒருத்தியின் அம்மாவுக்கு நான் ஊட்டுகிறேன். என் அண்ணிக்கு ஊட்ட நான் இல்லை. இதை எப்படி எழுதினாலும் நன்றாக இல்லை.

என்னால் இங்கிருந்து செய்ய முடிந்தது ஒன்றுதான். பாஸ்வேர்டைக் கொடு. பென்காவின் மகள் சொல்கிறாள், புதிய எடிட்டரிலேயே பழைய பெட்டி மாதிரி ஒன்றைச் செய்துவிடலாமாம். மேலே அசையாத ஒரு கட்டம், கீழே ஒரே ஒரு பெரிய வெள்ளைக் கட்டம், கூட்டல் குறிகளை எல்லாம் மறைத்துவிடலாமாம். அண்ணிக்கு வித்தியாசமே தெரியாது என்கிறாள். கம்பெனியோடு சண்டை போட்டு யார் ஜெயித்தது அண்ணா? உனக்குக் கோபம்தான் மிஞ்சும், அவளுக்குப் பெட்டி மிஞ்சாது. வீம்பை விடு.

அண்ணியின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு.

இஸ்க்ரா


ஸ்தாரா லிபா
ஜூலை 10

இஸ்க்ரா,

முதல் தேதி காலையில் திறந்தேன். பழைய பெட்டி இல்லை. ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி, என்ன ஒழுங்கு!

அவள் கையைத் தயாராக வைத்திருந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதோ வரும், இரு, இரு"ன்னு சொல்லிக்கொண்டே எதை எதையோ அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தூக்கவில்லை.

முந்தின நாள் கடைசியாக அவள் எழுதியதை நான் சேமித்து வைக்கவில்லை. என்ன என்று கேட்காதே.

பாஸ்வேர்டு தனித்தாளில் இருக்கிறது. செய்வதைச் செய். நான் எதிர்த்தது போதும்.

வெலிச்கோ


சரகோசா
ஜூலை 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். உங்கள் இருவரையும் கடவுள் காப்பாற்றட்டும்.

வேலை முடிந்தது! பென்காவின் மகளும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று நீயே பார். மேலே கறுப்புக் கோடு போட்ட ஒரு கட்டம், அதன் நடுவில் சிலுவை. பழைய அறிவிப்புகள் எல்லாவற்றின் தலையிலும் அதையே வைத்திருக்கிறேன், ததர், ஸ்பாஸ், அதற்கும் முன்னால் போனவர்கள், ஒருவரையும் விடவில்லை. எல்லாம் பார்க்க ஒரே மாதிரி, மரியாதையாக இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் வெள்ளைக் கட்டம். அண்ணிக்கு அதைக் காட்டு.

ஒரே ஒரு எச்சரிக்கை. போனில் சொன்னால் மறந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். சிலுவை இருக்கும் மேல்கட்டம் பொதுக்கட்டம். அதாவது எல்லா அறிவிப்புக்கும் சேர்த்து உண்மையில் அது ஒன்றுதான். ஒரு இடத்தில் அதில் கை வைத்தால் எல்லா இடத்திலும் மாறும். அதனால் அதைத் தொடவே தொடாதே. எழுதுவதை எல்லாம் கீழ்க்கட்டத்தில் மட்டும் எழுது.

ஆப்ரிகாட் ஜாம் அனுப்புகிறேன், அண்ணிக்குப் பிசைந்து ஒரு வாயாவது கொடு. வேன் வியாழக்கிழமை கிளம்புகிறது, திங்களுக்குள் உன் கையில் இருக்கும். செர்பியா எல்லையில் நிறுத்திவைக்காமல் இருந்தால்.

இஸ்க்ரா


சரகோசா
ஜூலை 30

அண்ணா,

நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பென்கா கூப்பிட்டாள். "இஸ்க்ரா, பக்கத்தைப் பாரு, எங்க சித்தப்பா அறிவிப்புல உங்க அண்ணி படம் வருது." திறந்தேன். ததரின் அறிவிப்பு. சிலுவைக்குக் கீழே, ஸ்லாவ்கா மிஹைலோவா, அண்ணி நூலகத்தில் வேலை பார்த்தபோது எடுத்த படம், பச்சை மேல்சட்டை போட்டது. அதற்குக் கீழே, "ரொட்டிக்கடைக்காரர், எழுபத்தொன்பது வயது". ஸ்பாஸைத் திறந்தேன், அங்கும் அண்ணி, அண்ணிக்கு நான்கு மருமகன்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். இத்தனை வருடத்தில் நம் ஊரில் செத்த எல்லோரும் அண்ணி.

நான் சிரித்தேன் அண்ணா. கடவுள் என்னை மன்னிக்கட்டும், வாய்விட்டுச் சிரித்தேன். "ஐயோ, கிழவர் மேல்கட்டத்துல கை வச்சுட்டாரு, என் லெட்டர் இன்னும் போய்ச் சேரலை போலிருக்கு"ன்னு பென்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அதுல எதுக்குடி அவங்க பேரை எழுதணும்?" என்று கேட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

உன் எதிர்வீட்டு டிம்காவைப் போனில் பிடித்தேன். அண்ணி திங்கட்கிழமை காலையில் போய்விட்டதாகவும், செவ்வாய் காலையில் அடக்கம் ஆகிவிட்டதாகவும் சொன்னாள். கதவில் கறுப்பு ரிப்பன் கட்டக் கூட உனக்குக் கை வரவில்லை, அவள்தான் கட்டினாளாம். நீ என்னைக் கூப்பிடவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிற மாதிரி எனக்கும் பக்கத்தில்தான் சொன்னாய். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

சிகாகோவிலிருந்து ஸ்பாஸின் மகள் என்னிடமே கத்தினாள். மற்றவர்களும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் அப்பா அம்மா படத்தைத் தேடிப் பார்க்க அவர்களுக்கும் அது ஒன்றுதானே இருக்கிறது. மேல்கட்டத்திலிருந்து பெயரையும் படத்தையும் அழித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். பாஸ்வேர்டு என்னிடமும் இருக்கிறது. உட்கார்ந்தேன், முடியவில்லை. அண்ணியின் பெயரை அழிக்கிற வேலை என்னால் ஆகாது. நீ செய்.

அந்தக் கட்டத்தை வைத்தது நான். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய்.

இஸ்க்ரா


ஸ்தாரா லிபா
செப்டம்பர் 9

அன்பு இஸ்க்ராவுக்கு,

நாற்பதாம் நாள் முடிந்தது. கல்லறையில் வேகவைத்த கோதுமை வைத்தேன், ஒயின் ஊற்றினேன். டிம்காவும் பாதிரியாரும் நானும். டிம்கா பாலாடைக்கட்டி வைத்து பனித்சா சுட்டுவந்தாள், சாப்பிட ஆளில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

உன் கடிதமும் ஜாமும் அடக்கம் முடிந்து நான்கு நாள் கழித்து வந்தன. வேனை எல்லையில் நிறுத்திவைத்தார்களாம். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதை முதலில் எழுதிவிடுகிறேன். கடிதம் முன்னாலேயே வந்திருந்தாலும் நான் அப்படித்தான் எழுதியிருப்பேன். நம் ஊரில் எந்தத் தாளை வேண்டுமானாலும் பார், சிலுவை, அதை ஒட்டினாற்போல் பெயர், அப்புறம் படம். சிலுவையை ஒரு கட்டத்திலும் பெயரை இன்னொரு கட்டத்திலும் எழுதுகிற ஜாதி நாம் இல்லை. சிலுவையைப் பார்த்தேன், அதன் கீழே அவள் பெயரை எழுதினேன், படத்தை வைத்தேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை, கீழ்க்கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு வெளியிட்டேன்.

எனக்கும் எல்லோரும் போன் பண்ணினார்கள். ஸ்பாஸின் மகளிடம், "சரிம்மா, எடுத்துடறேம்மா"ன்னு சொன்னேன். சொல்லிவிட்டு எடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எடுக்க மனமில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே திறந்தாலும் அவள் வந்தாள். அவர்கள் எல்லோரையும் எழுதியது அவள்தானே, அவர்களோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த நாட்களில்தான் என்னால் சோறு தின்ன முடிந்தது.

அப்புறம் பாதிரியாரும் வந்து கேட்டார். "வெலிச்கோ, மத்தவங்களும் அழணும் இல்லையா?" என்றார். அவர் சொன்னது சரிதான். உட்கார்ந்து மேல்கட்டத்தில் அவள் பெயரை அழித்தேன். படத்தையும் எடுத்தேன். புதுப்பித்தேன். ததர் ததரானார், ஸ்பாஸ் ஸ்பாஸானார்.

அப்புறம் அவளுடைய அறிவிப்பைத் திறந்தேன். அங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? அதுவும் அதே கட்டம்தானே. சிலுவை மட்டும் நிற்கிறது, அதற்குக் கீழே வெள்ளை. நானே என் கையால் எல்லா இடத்திலிருந்தும் அவளை எடுத்துவிட்டேன் இஸ்க்ரா.

மறுபடி எழுதலாம், தெரியும். கீழ்க்கட்டத்தில் எழுதினால் யாருக்கும் தொந்தரவில்லை, அதுவும் தெரியும். இரண்டு தடவை உட்கார்ந்தேன். விரலை வைத்தால் கட்டம் நீல நிறத்தில் மின்னுகிறது, எழுதத் தொடங்குங்கள் என்கிறது. மூடிவிட்டேன். கதவில் ஒட்டிய தாள் மழையில் கிழிந்துவிட்டது, அதையும் மாற்றவில்லை.

இனி வீதியில் யார் பெயரை ஒட்டினாலும் நான் படம் பிடிக்கப்போவதில்லை.

வெலிச்கோ


சரகோசா
நவம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கிறேன். இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் வந்தனவா? கூடவே அனுப்பிய ஜாம் ஜாடிகளை வேன்காரர் திருப்பிக் கொண்டுவரவில்லை, அதனால் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ போனையும் பிடுங்கிப் போட்டுவிட்டாய் போலிருக்கிறது, மணியே அடிப்பதில்லை. டிம்கா குளிர்காலத்துக்கு மகனிடம் சோஃபியா போய்விட்டாள். பாதிரியாருக்கு இப்போது பக்கத்து ஊர்களும் சேர்த்து மொத்தம் ஐந்து ஊராம், கூப்பிட்டால் எடுப்பதில்லை. நம் தெருவில் வேறு யாரைக் கேட்பது என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர் பெயரும் வரவில்லை.

வேன்காரரிடம் கதவைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். "தட்டினேன்க்கா, திறக்கலை, பையைப் படியில வச்சுட்டு வந்துட்டேன்" என்றார். புகைபோக்கியில் புகை வந்ததா என்று கேட்டேன். கவனிக்கவில்லையாம்.

போன சனிக்கிழமை செத்தவர்களுக்கான நாள். இங்கே எல்லோரும் கோதுமை வேகவைத்து மெழுகுவத்தி ஏற்றினோம். நம் ஊரில் இந்த இலையுதிர் காலத்தில் யார் யார் போனார்கள் என்று பென்கா கேட்டாள். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பழைய பெயர்களையே சொல்லிக் கும்பிட்டோம்.

டோன்யா பிலாரின் மகள் ஜனவரியில்தான் வேறு ஆள் கிடைக்கும் என்கிறாள். அதற்கு முன்னாலேயே கிளம்பப் பார்க்கிறேன்.

தினமும் காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன் அண்ணா. புதிதாக ஒன்றும் இல்லை என்றதும் முதலில் நிம்மதியாக இருக்கிறது. அப்புறம்தான் நினைவு வருகிறது, நீ போய்விட்டாலும் அதில் ஒன்றும் வராது, அதில் எழுதுகிறவன் நீ ஒருவன்தானே. ஏதாவது எழுது. எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் எழுது.

இஸ்க்ரா